காட்டுக்குள் போன ஷேர் ஆட்டோ

தாம்பரம் வட்டாரத்தில் நேர்வழியில் போவதைத் தன்மானக் குறைவாக நினைத்த ஒரே ஷேர் ஆட்டோக்காரர் ஷார்ட்கட் அண்ணாதான். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பல்லாவரம் போக ஏறியவர்களுக்குக் குரோம்பேட்டையின் சந்து பொந்தெல்லாம் சுற்றிக் காட்டி, அரை மணி நேரம் தாமதமாக இறக்கிவிட்டு, "ஒரு சிக்னல் மாட்டுச்சா பாத்தியா" என்று பெருமையாகக் கேட்பார்.

தெரிந்தே அவர் வண்டியில் ஏறினேன். கூடுவாஞ்சேரியில் எனக்கு அரசு வேலைக்கான தேர்வு. மின்சார ரயிலைக் கண்ணெதிரே விட்டிருந்தேன். ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும், ஆக இதுவே கடைசி. வண்டியில் இருந்த மற்ற நால்வர் கையிலும் ஹால் டிக்கெட்தான்.

தொடர் விடுமுறை வேறு. பெருங்களத்தூரில் சாலை முழுக்க ஊருக்குப் போகும் கூட்டம். எட்டே கால் மணிக்கு ஒரு சக்கரம்கூட அசையவில்லை.

"காட்டு வழியா போனா அரை மணி நேரம்" என்றார் அண்ணா. யாரும் வாயைத் திறப்பதற்குள் இடதுபுறம் ஒடித்துவிட்டார்.

நெடுங்குன்றம் தாண்டியதும் தார் முடிந்தது. வண்டலூர்க் காப்புக்காட்டில் மண் பாதையும் முடிந்தது. மழைக்காலம் ஆனதால் முள்ளும் கொடியும் உள்ளே புகுந்து எங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தன. முழங்கால் ஆழ ஓடையில் இறங்கி வண்டியைத் தள்ளினோம். கரையேறினால், எதிரே ஒரு புள்ளிமான் கூட்டம். அண்ணா பழக்கதோஷத்தில் வேகத்தைக் குறைத்து, "ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, ஒரு சீட்டு கீது" என்று கூவினார்.

அப்போதுதான் சிங்கம் கர்ஜித்தது. பின்சீட்டு அக்கா "ஏசப்பா" என்று என் தோளைப் பிடித்தார்.

"அது ஜூ சிங்கம்க்கா, வேலிக்கு உள்ள கீது" என்றார் அண்ணா. கொஞ்சம் யோசித்து, "நாம எந்தப் பக்கம் கீறோம்னுதான் தெர்ல" என்றார்.

குலை நடுங்கியது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய உண்மை, அப்படியொரு குஷி எனக்கு அதுவரை வந்ததே இல்லை. தேர்வே மறந்துபோய், "வேகமா போங்கண்ணா" என்று நானே கத்திக்கொண்டிருந்தேன்.

ஊரப்பாக்கத்தில் வெளியே வந்து, தேர்வு மையத்தைத் தொட்டபோது ஒன்பதுக்கு அரை நிமிடம். காவலாளி கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். அண்ணா நேராகப் போய் முன்சக்கரத்தை இடைவெளியில் நுழைத்து, எஞ்சினை நிறுத்தினார்.

"வண்டி ஆஃப் ஆய்டுச்சு சார், ஒரே நிமிசம்" என்று காவலாளியிடம் குழைந்தார். எங்கள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "இன்னா பாத்துகினு கீறீங்க, ஓடுங்க."

ஐந்து பேரும் சேறும் சகதியுமாக ஓடினோம். அவர் வாங்கிய வசவு தேர்வறை வரை கேட்டது.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தேன். விடுமுறை நாள் சவாரியை எல்லாம் விட்டுவிட்டு, அண்ணா எதிர் மரத்தடியில் முள் கிழித்த தார்ப்பாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா எய்தினியா?" என்றார்.

வேலைக்கான ஆர்டர் வந்த அன்று, அம்மாவுக்கும் முன்னால் அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன்.