அமைதிதான், அல்ஹம்துலில்லாஹ்

நலம் விசாரிப்பவர் என்றொரு இனம் உண்டு. எங்கள் கௌலாக் ஊர்ச் சந்தை வீதியில் அந்த இனத்துக்கே தலைவர் மலமீன் தியாவ். காலையில் கடலை மண்டிக்குக் கிளம்பினால், எதிர்ப்படுகிறவரின் கையைப் பிடிப்பார், குடும்பப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் குலுக்குவார், உடம்பு, வீடு, மனைவி, பிள்ளைகள், மாமியார், பெருநாளுக்கு வாங்கிய கிடா என்று ஒன்று விடாமல் கேட்பார். பதில்? அது யாருக்கு வேண்டும்? ஊர் வழக்கப்படி எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: அமைதிதான். உடனே இவர் 'அல்ஹம்துலில்லாஹ்', இறைவனுக்கே புகழ், என்பார்.

அன்றைக்குத் தையற்காரர் யோரோ சில்லா சிக்கினார்.

"சில்லா! சில்லா! உடம்பு எப்படி?"

"அமைதிதான் அண்ணே."

"வீட்ல மைமூனா?"

"என்னை விட்டுட்டுப் போயிட்டா அண்ணே."

"அல்ஹம்துலில்லாஹ்! பிள்ளைங்க?"

"அவங்களையும் கூட்டிட்டுப் போயிட்டா."

"அல்ஹம்து..."

இத்தனை வருஷ விசாரிப்பில் இதற்கு அடுத்த கேள்வி மலமீனுக்குப் பாடமே இல்லை. "எல்லாம் அமைதியாகும்" என்று முனகிவிட்டு நழுவினார். மறுநாள் முதல் வேறு தெரு. அங்கேயும் நிம்மதி இல்லை: யார் கையைப் பிடித்தாலும், இந்த ஆள் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடுவானோ என்று பாதிக் கேள்வியிலேயே கையை விட்டுவிட்டார்.

வெட்கம் தாங்காமல் ஒரு பிற்பகல் யோரோவின் கடைக்குள் நுழைந்து, வாய் திறக்காமல் முக்காலியில் உட்கார்ந்தார். யோரோ பதறிப்போனார்.

"என்ன அண்ணே, ஒரு சலாம்கூட இல்லை? யாராவது மௌத்தா? எந்த வீட்ல சாவு?"

"இல்லப்பா. மைமூனா ஏன் போனா?"

தையல் மெஷின் நின்றது.

"தினம் வீட்டுக்குள்ள நுழையும்போதே 'எப்படி இருக்கே?'ன்னு கேப்பேன். 'அமைதிதான்'ம்பா. நான் சோத்துல கை வெச்சுடுவேன். கர்ப்பம் கலைஞ்ச அன்னிக்கும் அப்படித்தான் கேட்டேன். அவளும் அதையேதான் சொன்னா. நானும் சாப்பிட்டேன்."

மலமீன் எழுந்தார்.

"கிளம்பு. உன் மாமியார் வீட்டுக்குப் போவோம்."

"போய் என்னத்தைச் சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. கேளு. பதில் வர்ற வரைக்கும் நில்லு."

மைமூனா இருவரையும் வாசலிலேயே நிறுத்தினாள். யோரோ 'எப்படி இருக்கே?' என்று கேட்டதற்குப் பதில் சொன்னாள். சூரியன் இறங்கும்வரை சொன்னாள். யோரோ கால் மாற்றாமல் நின்றார். திரும்பி வருவதாக அவள் சொல்லவில்லை. நாளைக்கும் வந்து கேட்கச் சொன்னாள்.

சிரிக்கிறீர்களா? இன்று காலை போனில் யாரையோ "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டீர்களே, என்ன பதில் வந்தது?