ஒர்த்தா ஆசாமி தீம் பார்க்கில் தங்கிய கதை

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. வெளிப்பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். நீங்கள் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு எதிரே வந்தால் நன்றாயிருக்கிறது என்று சொல்லமாட்டார்கள், காலைக் கடிக்கிறதா என்றும் கேட்கமாட்டார்கள். குனிந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தை: “ஒர்த்தா?” சினிமா பார்த்துவிட்டு வந்தால் கதை வேண்டாம்; ஒர்த்தா? பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வந்து நின்றால் வலியைப் பற்றிப் பேச்சில்லை. அந்த டாக்டர் ஒர்த்தா? பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பார்க்க வந்து, தொட்டிலை எட்டிப் பார்த்த கையோடு, “தனி ரூம் ஒர்த்தா?” என்று பெற்றவளிடமே கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இது அவருடைய கதை.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை. நடுவில் இருப்பது ஒற்றைப் பலகைத் தடுப்பு என்பதால், காலை முதல் மாலை வரை அவர் குரல் என் காதில் விழுந்துகொண்டே இருக்கும். “இது தெளிவா இருக்கா, இதுவா? இப்ப? முன்னாடி நல்லாருந்துச்சா, இப்பவா?” பத்தொன்பது வருஷம் இப்படியே கேட்ட மனிதருக்கு வேறு எப்படி வாழத் தெரியும்? கஞ்சர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் பணத்தை வெளியே விடமாட்டான். இவர் தாராளமாக விடுவார். விட்டபிறகு அதைப் பின்தொடர்ந்து போய், வாங்கின பொருளை நிம்மதியாக இருக்கவிடமாட்டார்.

அவருக்குப் பத்து வயதில் ஒரு மகள். தீம் பார்க்குக்குப் போகவேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். காரில் போனால் இரண்டரை மணி நேரம். விடிகாலையில் கிளம்பிப் போய் இரவே திரும்பலாம். அல்லது பார்க்குக்குள்ளேயே இருக்கும் ஓட்டலில் முதல் நாளே போய்த் தங்கலாம். எது ஒர்த்து? சாதாரண மனிதர்கள் ஒரு நாள் சாயங்காலம் பேசி முடிவெடுக்கிற விஷயம். நம்மவர் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். தங்கிவிட்டு வந்தவர்கள் இணையத்தில் எழுதியிருந்த முந்நூற்று நாற்பது அபிப்பிராயங்களையும் படித்தார். கட்டம் போட்டு எழுதினார். அதை என்னிடம் கொண்டுவந்து நாலு முறை நகல் எடுத்தார், நாலு முறையும் திருத்தத்துடன்.

“ஒருத்தர் சொர்க்கம்னு எழுதியிருக்கார். இன்னொருத்தர் குழாய்ல தண்ணி மெதுவா வருதுன்னு எழுதியிருக்கார். நான் யாரை நம்புறது?” என்றார்.

“ரெண்டும் உண்மையா இருக்கலாமே. சொர்க்கத்துல தண்ணி மெதுவா வரக்கூடாதுன்னு சட்டமா?”

அவர் சிரிக்கவில்லை. கட்டத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

அவருடைய மச்சினர், அதாவது மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். இந்த ஆராய்ச்சியெல்லாம் அவருக்கு வேடிக்கை. “மேல போயிட்டுக் கீழ வர்றதுக்கு நீங்க காசு குடுக்குறீங்க மாமா, எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க. நான் வீட்லயே தூங்கிட்டு, காலையில காரை எடுத்துக்கிட்டு நேரா வந்துடுறேன். யாரு அதிகமா ஏறுறாங்கன்னு பார்ப்போம்” என்றார்.

அந்தச் சவால்தான் விஷயத்தை முடித்துவைத்தது. ஓட்டலில் தங்குபவர்களை மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே, எட்டு மணிக்கே, உள்ளே விடுகிறார்கள். அந்த ஊருக்கே பேர்போன ‘டிராகன்’ ராட்சத ரயிலுக்குப் பகலில் ஒன்றரை மணி நேரம் வரிசை. எட்டு மணிக்கோ ஆளே இருக்காது. “ஆறு தடவை ஏறலாம் மாப்ள! ஆறு! நீ வந்து வண்டியை நிறுத்த இடம் தேடிட்டிருக்கும்போது நாங்க ஆறு முடிச்சிருப்போம்!”

ஓட்டல் உறுதியாயிற்று. அன்று மாலை அவர் மனைவி கடைக்கு வந்தார். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. மெல்லிய குரல், ஆனால் ஊசி குத்துகிற கை.

“நான் வர்றேன். ஒரே ஒரு நிபந்தனை. அங்க வந்து அந்த வார்த்தையை ஒரு தடவைகூடச் சொல்லக்கூடாது.”

“எந்த வார்த்தை?”

“எந்த வார்த்தைன்னு உங்களுக்கே தெரியும். போன வருஷம் கடற்கரைக்குப் போனோம். இங்க அலை சின்னதா இருக்கு, அந்தப் பக்கம் பெருசா இருக்கும்னு நாலு இடம் மாத்தினீங்க. புள்ள கால் நனையறதுக்குள்ள இருட்டிடுச்சு. வீடு வர்ற வரைக்கும் அவ ஒரு வார்த்தை பேசலை. ஞாபகம் இருக்கா? இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா, நானும் அவளும் அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வந்துடுவோம். அப்புறம் எங்கேயும் உங்களோட கிளம்பமாட்டோம்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது தடுப்புக்கு இந்தப்பக்கம் இருந்த எனக்கே தெரிந்தது. கண்ணாடிக்காரர் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். மேலே இருக்கிற பெரிய எழுத்தின் மேலா, கீழே யாருக்கும் தெரியாத பொடி எழுத்தின் மேலா என்று நான் பார்க்கவில்லை.

இனி நடந்தவை அவரும் மனைவியும் மச்சினரும் தனித்தனியாக என்னிடம் சொன்னவை. மூன்றும் பொருந்துவதால் நம்புகிறேன்.

மூன்று மணிக்குக் கொடுக்கிற அறைக்குப் பன்னிரண்டு மணிக்கே போய் நின்றார்கள். அறைக்குள் நுழைந்ததும் இந்த ரகத்துக்கே உரிய சடங்குகள் தொடங்கின. எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்தார். கட்டிலைச் சாண் வைத்து அளந்தார். சோப்பு ஒவ்வொன்றையும் பிரித்து மோந்தார். ஆறு துண்டு இருந்தது. மூன்று பேருக்கு ஆறு துண்டு எதற்கு என்று யோசிக்காமல், ஆளுக்கு இரண்டு குளியல் என்று தீர்மானித்தார். ஏசியைக் கடைசிப் புள்ளிவரை இறக்கிவிட்டு, அலமாரியிலிருந்த கம்பளியையெல்லாம் எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. தொண்டைக்குழிவரை வருமாம், விக்கல் மாதிரி ஒரு சத்தத்தோடு உள்ளே போய்விடுமாம். ஒருதரம் மெதுவாக, “பரவாயில்லல்ல?” என்று கேட்டுப் பார்த்தார்.

“அதுவும் அதே வார்த்தைதான், வேற சட்டை போட்டிருக்கு” என்றார் மனைவி.

மகளோ இது எதையும் கவனிக்கவில்லை. அறையில் கப்பல் வடிவத்தில் ஓர் அடுக்குக் கட்டில் இருந்தது. மேல்தட்டில் ஏறினவள், சாப்பிடுவதற்கு மட்டும் இறங்கினாள். தலையணைகளை அடுக்கிப் பாய்மரம் கட்டினாள். குளியலறை தீவாயிற்று. அப்பா சுறா. “சுறா கம்பளி போர்த்தாது, அப்பா!” என்று அதட்டினாள். விளக்கணைத்த பிறகும் வெகுநேரம் மேலேயிருந்து மாலுமிகளுக்கு உத்தரவு பறந்துகொண்டிருந்தது. “தூங்கும்மா, காலையில ஆறு தடவை ஏறணும்” என்றார் சுறா. யார் கேட்டார்கள்?

ஐந்தரைக்கு மூன்று அலாரம் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. மனைவி கண்ணைத் திறக்கவில்லை.

“எழுந்திரு, எழுந்திரு. முன்னாடியே விடுறாங்கல்ல? அதுக்காகத்தானே இங்க தங்கினோம்!”

“நீங்க தங்கினது அதுக்கு. பதினொரு வருஷமா அஞ்சு மணிக்கு எழுந்து அடுத்தவங்க ரத்தத்தை எடுக்கிறேன். இன்னிக்கு ஒரு நாள் என் ரத்தம் படுத்துக் கெடக்கட்டும்.” போர்வை தலைக்கு மேல் போயிற்று.

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் மகளின் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்துப் பழையபடி கூடையில் வைத்தார். ரொட்டி வீட்டிலேயே கிடைக்குமாம். வீட்டில் கிடைக்காததாகத்தான் சாப்பிடவேண்டும் என்று அவளுக்குப் பேர் தெரியாத மூன்று பழங்களை வைத்தார். அவள் பழத்தைப் பார்த்துக்கொண்டே கொட்டாவி விட்டாள்.

ஏழே முக்காலுக்கு வாசலில் நின்றார்கள். இவருக்கு முன்னால் ஒரே ஒருவர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் வரைபடம், காலில் ஓட்டப்பந்தய ஷூ. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாம்பின் கால் பாம்பறியும்.

“டிராகனா?” என்றார் அவர்.

“டிராகன்தான்” என்றார் நம்மவர்.

“இடதுபக்கமா சுத்திப் போனா அறுபது அடி மிச்சம்.”

கதவு திறந்தது. பெரியவர்கள் ஓடுவதைப் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பதால் இந்த ரகத்தார் ஓடமாட்டார்கள். முழங்காலை மடக்காமல் வெகுவேகமாக நடப்பார்கள். அப்படி நடந்து போனால், டிராகனடியில் சங்கிலி கட்டியிருந்தது. “சோதனை ஓட்டம் போயிட்டிருக்கு சார். பத்து நிமிஷம் உட்காருங்க” என்றான் இயக்குபவன். ஸ்டாப்வாட்ச்காரர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நம்மவர் மகளோடு எதிரிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

இரண்டாவது நிமிஷமே அவள் தலை அவர் தோளில் விழுந்தது. நாலாவது நிமிஷம் அது வழுக்கி மடிக்கு வந்தது. இரவெல்லாம் கப்பல் ஓட்டிய களைப்பு.

“சார், ரெடி! வாங்க, நீங்கதான் மொதல்ல!” சங்கிலி அவிழ்ந்தது.

“எழுந்திரும்மா. கூட்டமே இல்ல பாரு.”

“அப்பா... கப்பல் ஆடுது...” என்று முனகிவிட்டு, அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

அவளைத் தட்டி எழுப்பக் கையை ஓங்கிவிட்டார். அதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். ஓங்கிய கை அவள் முகத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, கண்ணாடியின் பிடி அவள் மூக்கில் அழுந்திச் சிவந்திருப்பது தெரிந்தது. அவர் கடைக் கண்ணாடிதான், அவரே மாட்டிவிட்டது. அதை மெதுவாகக் கழற்றி, துடைத்து, பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாராம்.

“நீங்க போங்க. நாங்க அப்புறம் வர்றோம்” என்றார்.

ஸ்டாப்வாட்ச்காரருக்கு இது புரியவேயில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்து பெஞ்சைக் கடக்கும்போதும் பரிதாபத்தோடு விரலைக் காட்டிக்கொண்டே போனார். “ரெண்டு!” கொஞ்ச நேரத்தில், “மூணு!” தலைமுடி மேலும் மேலும் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஆறாவது தடவை முகம் வெளிறியிருந்தது, விரலைக் காட்டவில்லை. நேரே கழிப்பறைப் பக்கம் போனார். முழங்காலை மடக்கி, ஓடியே போனார்.

ஒன்பது மணிக்குப் பொதுக் கதவு திறந்தது. ஜனம் அணை உடைந்த மாதிரி வந்தது. டிராகன் வரிசை பெஞ்சைச் சுற்றி வளைந்து, ஐஸ்கிரீம் கடையைத் தாண்டிப் போயிற்று. ஒன்பதரைக்கு மச்சினர் வந்தார். வீட்டில் தூங்கி, வீட்டில் குளித்து, வீட்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு, சாவியைச் சுழற்றிக்கொண்டு.

“மாமா! எத்தனை ஏறினீங்க?”

“மெதுவா பேசு.”

“எத்தனைன்னு கேட்டேன்.”

“ஒண்ணுமில்ல.”

நான்தான் அப்பவே சொன்னேனே என்பதற்கு மச்சினர் வாயைத் திறந்துவிட்டார். பிறகு ஆளைப் பார்த்தார். வலது கை மரத்துப்போய் உரலாகக் கனக்க, வெயில் காதில் அடிக்க, அசையாமல் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

“குடுங்க மாமா, நான் கொஞ்ச நேரம் வச்சுக்கிறேன்.”

“வேண்டாம் மாப்ள. அசைஞ்சா முழிச்சிடுவா.”

மச்சினர் நகர்ந்து, வெயிலை மறைத்தாற்போல் நின்றுகொண்டார்.

பத்து மணிக்கு அவள் கண் விழித்தாள். “ஆரம்பிச்சிட்டாங்களா?” என்று கேட்டாள். வரிசையில் போய் நின்றார்கள். ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் பேசினாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவளோடு சண்டை, ஆடுகிற பல், கணக்கு டீச்சரின் தும்மல், பெரியவளானால் கப்பல் வாங்குவதா இல்லை நாய் வாங்குவதா என்ற குழப்பம். நடுவழியில் மனைவி வந்து சேர்ந்துகொண்டார். பத்தரை வரை தூங்கிய முகம். மச்சினர் பிறகு என்னிடம் சொன்னார்: “அக்காவைப் பார்த்து வேற யாரோன்னு வழி விட்டேன் சார்.”

நாலு பேரும் ஏறினார்கள். இரண்டே நிமிஷம். கண்ணாடிக்காரர் போட்ட கூச்சலில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். இறங்கித் தள்ளாடி நின்றபோது மகள் நிமிர்ந்து கேட்டாள்: “ஒர்த்தாப்பா?”

மனைவி புருவத்தைத் தூக்கினார். சத்தியம் செய்தது அப்பா மட்டும்தானே? கண்ணாடிக்காரர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மூச்சு வாங்குதும்மா” என்றார். யாரும் பஸ்ஸைத் தேடவில்லை. திரும்பும் வழியெல்லாம் பின்சீட்டில் பேச்சு ஓயவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் நானும் கேட்டுவிட்டேன். நாக்கில் சனி. “சொல்லுங்க, அங்க ராத்திரி தங்குறது ஒர்த்தா?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். “தெரியல. பெஞ்ச் நல்லாருந்துச்சு” என்றார்.

ஆள் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். நாலு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் என் புது மெஷினைச் சுற்றி வந்து, குனிந்து அடிப்பக்கம் பார்த்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்டார். இப்போது கடைக்கு வருகிறவர்கள் தீம் பார்க் பற்றி விசாரித்தால் ஆலோசனை வேறு. “தாராளமா தங்குங்க. ஆனா டிராகனுக்கு எதிர்ல ரெண்டாவது பெஞ்சுல உட்காருங்க. மொதல் பெஞ்சுல நான் உட்கார்ந்தேன், ஒன்பது மணிக்கு மேல வெயில்.”

சரி, இதுவரை சிரித்தீர்கள். ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தை தூங்கியபோது, தட்டி எழுப்பியிருந்தால் ஆறு இல்லாவிட்டாலும் ஒரு மூன்று தடவையாவது ஏறியிருக்கலாமே என்று உங்கள் மனதின் ஓரத்தில் ஓர் எண்ணம் ஓடவில்லை? ஓடியிருந்தால் பதற்றப்படாதீர்கள், இந்த ரகம் நாம் நினைப்பதைவிடப் பெரிய கூட்டம். இல்லவே இல்லை என்கிறீர்களா? அதை உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவர்கள் பதில் சொல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், அதற்குமேல் கேட்காதீர்கள்.