மாப்பிள்ளையோடு போன நாலாவது ஆள்

"மூணு பேராப் போனா காரியம் வெளங்காது. வண்டிய நிப்பாட்டுலே!"

அம்மா சின்னத்தாய் பின்சீட்டிலிருந்து போட்ட சத்தத்தில் மாரிக்கண்ணன் பிரேக்கை மிதித்துவிட்டான்.

பெண் பார்க்கக் கூட வர வேண்டிய தங்கச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் நின்றுகொண்டாள். வெடிக் கம்பெனி போர்மேனான அவனுக்குப் பெண் கொடுக்க ஊரே யோசித்தது. ஆமத்தூரில் ஒருவர்தான் "வந்து பாருங்க" என்றிருந்தார். இதுவும் தட்டிப்போனால் அவன் சாமியாராகப் போக வேண்டியதுதான்.

"ஒரு கல்ல எடுத்துக்கிட்டா நாலாயிரும்க்கா," என்று தாய்மாமா ஊர்க்காவலன் இறங்கினார்.

வெடி விபத்தில் ஆள் செத்த பிறகு பூட்டிக் கிடந்த ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேலியோரம். கையளவு கல்லை எடுத்து, அதிலிருந்த மஞ்சளை வேட்டியில் துடைத்தார்.

"யாரோ கும்பிட்ட கல்லு மாதிரி இருக்கே மாமா?"

"கும்பிட்டா நல்லதுதானலே. ஓட்டு."

மாமாவிடம் எதற்கும் பதில் இருக்கும், யோசனைதான் இருக்காது.

கல் பின்சீட்டில் உருண்டு சின்னத்தாயின் காலில் விழுந்தது. "ஆளுன்னா மரியாதையா முன்னால ஒக்காரணும்ல," என்று மாமா தன் சீட்டைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்.

உடனே கார் கீ கீ என்று கத்தியது. சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால்தான் அது அப்படிக் கத்தும். மாமா எட்டிக் கல்லுக்குப் பெல்ட்டை மாட்டினார். சத்தம் நின்றது.

கொஞ்ச தூரத்தில் காருக்குள் வெடிமருந்து வாடை அடித்தது.

"ஏலே, குளிச்சியா இல்லையா?"

"ரெண்டு தடவ குளிச்சேம்மா!" அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

ஆமத்தூரில், "நாலாத்தான் நுழையணும்," என்று கல்லை அவன் பேண்ட் பையில் திணித்தாள் சின்னத்தாய். கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான். பெண் வீட்டு சோபாவில் உட்கார்ந்ததும் பை லேசாகிவிட்டது. தொட்டுப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

நாலு தம்ளர் காபி வந்தது.

"பாத்தியா, முறை தெரிஞ்ச குடும்பம்!" சின்னத்தாய் பூரித்தாள்.

பெண் முத்துச்செல்வி வந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். ஜென்மம் சாபல்யமாகிவிட்டது என்று மாரிக்கண்ணன் நினைத்த நேரத்தில், அவள் பார்வை கொஞ்சம் நகர்ந்தது. சிரிப்பு போய்விட்டது. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

பெண்ணின் சித்தி கற்பகவல்லி வந்து தயங்கி நின்றாள்.

"எங்க பொண்ணுக்கு மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கு மதினி. ஆனா, அவரு தோள்ல சாஞ்சு ஒக்காந்திருக்காகளே, அந்தப் பொம்பள அவருக்கு யாருன்னு கேக்கச் சொல்றா."