கறிவேப்பிலையைக் கேட்டு மலையேறியவன்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவரே நான்தான் என்பதால் கோபம் இரட்டிப்பாக வரும்.

மகள் ஆரணி பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். ஏப்ரல் நடுவில், எல்லைக்கு அப்பால் ஆறு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் மலையில் இரண்டு நாள் கூடாரமடிக்க என்னைக் கூப்பிட்டாள். சிநேகிதிகளை விட்டு அப்பாவைக் கூப்பிட்ட பிள்ளை! (நாங்கள் இருக்கும் ரூஜ் பகுதி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.) எனக்குத் தந்த வேலை ஒன்றே ஒன்று: மலை அலுவலகத்துக்குப் போன் எடுத்து, மேலே பனி எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

எடுத்தேன். காத்திருக்கச் சொல்லி ஒரு இசையைப் போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் கோபம் வந்து வைத்துவிட்டேன். இருபத்தாறு வருடம் வாசலில் பனி அள்ளியவனுக்கு இவர்கள் என்ன சொல்வது?

எங்கள் வீட்டில் வசந்தத்துக்கு அளவுகோல் கறிவேப்பிலைச் சாடி. குளிர்காலம் முழுக்க யன்னலடியில் வைத்து அதைப் பிள்ளை மாதிரிப் பார்ப்பாள் என் மனைவி சுகந்தி. குளிர் விட்டால்தான் வெளியே வரும். அதைத் தூக்கிப் பின்வளவில் வைத்தேன். மூன்று நாளாகியும் ஒரு இலைகூடக் கருகவில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்?

"அப்பா, கோல் பண்ணிக் கேட்டனீங்களே?"

"ஓம், கேட்டனான். ஸ்னோ எல்லாம் முடிஞ்சுதாம்."

"அப்ப ஸ்னோஷூ வாடகைக்கு எடுக்கத் தேவையில்லையா?" பனியில் புதையாமல் நடக்கச் சப்பாத்தின் அடியில் கட்டும் அகலச் சட்டத்தைக் கேட்டாள்.

"உது என்னத்துக்கு? வீண் பாரம்."

அடிவாரத்தில் இரவு தங்கி, மறுநாள் காலையில் ஏறினால் மலைப்பாதை முழுக்கப் பனி. ஆனால் இறுகிக் கிடந்ததால் மேலே நடக்க முடிந்தது. "பாத்தியே, ரோட்டு மாதிரி" என்றேன். பத்து மணி வெயிலில் மேல்தட்டு இளகியது. அடுத்த அடியில் என் வலது கால் இடுப்புவரை உள்ளே போனது. இழுத்தேன்; கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. (மலையைத் தூஷணத்தால் திட்டியபடி அதைக் கையால் தோண்டி எடுத்தேன்.) ஆரணியும் தொடைவரை புதைந்து, முழங்கால் உரசி இரத்தம்.

ஸ்னோஷூ போட்டபடி இறங்கி வந்த ஒருவர் எங்களைப் பார்த்து, "நாலடி பனி என்று போனில் எல்லாருக்கும் சொல்கிறார்களே, நீங்கள் கேட்கவில்லையா?" என்றார்.

ஆரணி என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க கோல் பண்ணவே இல்லையா?"

"எடுத்தனான் பிள்ளை, அவங்கள் கதைக்கேல்லை... கறிவேப்பிலை கருகேல்லைத்தானே, அதால..."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "வீட்ட போவம்" என்று மட்டும் சொன்னாள். காரை வீட்டுப் பக்கம் திருப்பினேன். மலை, இசை, ஸ்னோஷூக்காரர் எல்லோர்மீதும் எரிந்துகொண்டிருந்தேன். வழியில் கிங்ஸ்ரன் நகரைத் தாண்டும்போதுதான் அத்தனை கோபமும் திரும்பி என்மீது விழுந்தது. பொய் சொன்னது நான்.

வீட்டில், முதல்நாள் உறைபனியில் கறிவேப்பிலை கறுத்து நின்றது.

"பிள்ளையைப் பனிக்குள்ள தாட்டு, என்ர கறிவேப்பிலைக் கண்டையும் சாக்காட்டிப்போட்டியள்!" என்றாள் சுகந்தி.

ஆரணி இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் சிநேகிதிகளோடு போகிறாள். இந்த வருடம் அவள் கேட்காமலே நான் போன் எடுத்தேன். நாற்பது நிமிடம் அந்த நாசமாய்ப்போன இசையைக் கேட்டேன். "மேலே மூன்றடி, வெயிலுக்கு முன் இறங்கு, ஸ்னோஷூ கட்டாயம்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

பதில் வந்தது: "தாங்க்ஸ் அப்பா. கறிவேப்பிலை என்ன சொல்லுது?"

பிக்கரிங்கில் இருக்கும் மச்சான் முதல் எல்லோரும் சிரிப்புப் படம் போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்களும் வாங்கோ என்று அவள் இன்னும் கூப்பிடவில்லை.