பஞ்சுவின் சிக்கும் வாட்ச்மேனின் தூக்கமும்

ஒரு வேலையிலிருந்து தப்பிக்க ஒரே வழி, அதை ஒரு தடவை கெடுத்துவிடுவது. இதுதான் வாட்ச்மேனின் கொள்கை. பாத்திரம் கழுவச் சொன்னாள் மனைவி, தட்டை உடைத்தார். துணி துவைக்கச் சொன்னாள், வெள்ளைச் சட்டைகளோடு சிவப்புத் துண்டை ஊறவைத்தார். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. ஆறு நாள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தே களைத்த மனுஷன், ஞாயிறு மத்தியானம் சாய்வு நாற்காலியில் படுத்துக் களைப்பாறுவார். அந்தத் தூக்கத்துக்காக எதையும் உடைப்பார்.

அன்றைக்குக் கண் சொருகும் நேரம் பார்த்து மனைவி வந்து நின்றாள். ஒரு கையில் பூனை, இன்னொரு கையில் சீப்பு. முழங்கை வரை கீறல்.

"என்னங்க, பஞ்சுவுக்குச் சிக்கு எடுக்கணும்."

"நீ எடேன்."

"எடுத்த லட்சணத்தைத்தான் கையில பாக்கறீங்களே."

"பூனை தானா நக்கிச் சரிபண்ணிக்கும், போ."

"நக்கி நக்கித்தான் இப்படிச் சடை பிடிச்சிருக்கு. தொட்டுப் பாருங்க, பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி இருக்கு."

"அந்த நாரை நான் எங்க பாத்தேன்?"

"அதான் தெரியுமே."

அவள் தையல்காரி. மெஷின் மிதித்து மிதித்து எல்லாவற்றிலும் வேகம். சிக்கைக் கண்டால் அடியிலிருந்து ஒரே இழு. பூனை சும்மா விடுமா?

வாட்ச்மேன் சீப்பை வாங்கிக்கொண்டார். கெடுத்துவிட்டால் போச்சு. ஒரு சிக்குகூடப் போகக்கூடாது, தன் மேல் ஒரு கீறலும் விழக்கூடாது. அதனால் கெடுப்பதையும் சோம்பலாகவே கெடுத்தார். வலித்தால்தானே பிறாண்டும்? சிக்கின் அடியை ரெண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் சும்மா வருடினார். நாலு முடி பிரிந்தது. கொட்டாவி விட்டார். இன்னும் நாலு முடி. பஞ்சு 'குர்ர்' என்று மோட்டார் போட்டது. புரண்டு வயிற்றையும் காட்டியது.

குனிந்து பார்த்தால், மடியில் இன்னொரு பூனை செய்கிற அளவுக்கு முடி. பஞ்சு பட்டு மாதிரி இருந்தது.

"அட, ஒரு சிக்கு இல்ல!" என்றாள் மனைவி, எட்டிப் பார்த்து. "இதுக்கு நுனியிலேர்ந்து மெதுவாத்தான் வரணும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது."

"எனக்கு மட்டும் இருக்காக்கும்?"

"உங்களுக்குச் சோம்பேறித்தனம் இருக்கு. பூனைக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"இன்னிக்கு ஏதோ தப்பித் தவறி வந்துடுச்சு. அடுத்த வாரம் கெட்டுடும், பாரு."

"தட்டு கெட்ட மாதிரியா?"

"அது கை வழுக்கி…"

"சமையக்கட்டுல கை வழுக்கின தட்டு, வாசப்படியில போயா உடையும்?"

வாட்ச்மேன் மடியிலிருந்த முடியைப் பந்தாக உருட்ட ஆரம்பித்தார்.

"நீங்க கெடுக்க முடியாத வேலையா ஒண்ணு தேடிட்டே இருந்தேன்," என்றாள், நிதானமாக. "இதைக் கெடுத்தா உங்க கைதான் கிழியும்."

சரி, கொஞ்ச நேரமாவது படுக்கலாம் என்று எழுந்து கைகழுவி வந்தார். சாய்வு நாற்காலியில் பஞ்சு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

காலிங் பெல் அடித்தது. பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தார், கக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு பூனையோடு.

"தம்பி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்க சும்மாத்தான் இருப்பீங்கன்னு உங்க வீட்டுக்காரி சொன்னா."