கட்டாயம் சாரும் நாற்பத்தேழாவது ஓட்டும்

ஜூன் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை. வானம் விடியற்காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. மழை வரும் வரும் என்று போக்குக் காட்டியதே ஒழிய, ஒரு துளியும் விழவில்லை. ஓட்டுப் போடாமல் இருக்க வெயிலையும் காரணம் காட்ட முடியாது, மழையையும் காரணம் காட்ட முடியாது. அப்படி ஒரு நாள் வாய்த்ததில் ஒருவருக்கு அளவிறந்த மகிழ்ச்சி. அவரைத்தான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போகிறேன்.

வாசகர்களே, மனித குலத்தில் ‘கட்டாயக்காரர்’ என்றோர் இனம் உண்டு. இதை இனங்காண்பது எளிது. முடிதிருத்தகத்தில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிய நிலையிலும், வங்கி வரிசையில் முன்னே நிற்பவரின் முதுகை நோக்கியும், பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னால் அந்த வாய்ப்பையும் வீணாக்காமலும், “ஓட்டுப் போடறதைக் கட்டாயம் ஆக்கணும் சார்!” என்று தொடங்கிவிடும். போடாதவனுக்கு என்ன தண்டனை என்பதில் மட்டும் நாளுக்கு நாள் கருத்து மாறும். காலையில் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்பார். மாலையில், உண்ட களைப்பு நீங்கிய பிறகு, குடியுரிமையையே பறித்துவிடுவார்.

நம் ஆள் பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு ஆண்டுகள் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதுவது அவர் வேலை. ஊதினார், பேருந்துகள் போயின, அவர் எதிலும் ஏறியதில்லை. மாலையில் மிதிவண்டியில் வீடு திரும்பினார். இந்தச் சிறு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் குடியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தில் அவருக்குப் பெயர் ‘கட்டாயம் சார்’. ஐந்தாம் மாடியில், 501ஆம் எண் வீடு. கட்டடத்தில் மின்தூக்கி உண்டு. ஆனால் நான்கு மாதமாக அது தூக்குவதில்லை. அவருடைய மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. அந்த அம்மாள் கடைசியாகத் தரையில் கால் வைத்தது பிப்ரவரியில், மருத்துவமனைக்குப் போனபோது. அதுவும் நாற்காலியில் வைத்து நான்கு பேர் இறக்கினார்கள். அதன்பின் அவருக்கு உலகம் என்பது பால்கனியிலிருந்து தெரியும் அரைத் தெருதான்.

ஆகவே, குடியிருப்போர் சங்கத் தலைவர் தேர்தல் அந்த வீட்டுக்குச் சாதாரண விஷயம் இல்லை. நிற்பவர்கள் இருவர். ஒருவர் இப்போதைய தலைவர், மருந்துக்கடைக்காரர், தரைத்தளத்தில் குடியிருப்பவர். “படி ஏறினா உடம்புக்கு நல்லது” என்பது அவருடைய கொள்கை. தரைத்தளத்தில் இருப்பவருக்கு இந்தக் கொள்கையைக் கடைப்பிடிப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. மற்றொருவர் நான்காம் மாடித் தையல்கார அம்மாள். “நான் வந்தா மொத வேலை லிஃப்ட்டுதான். அதுக்கப்புறம்தான் நாற்காலியில உக்காருவேன்” என்று சொல்லிவிட்டார்.

தேர்தல் அலுவலர் யார் என்று கேட்கிறீர்களா? கேட்கவும் வேண்டுமா?

மூன்று மாதம் முன்பே கட்டாயம் சார் பதினான்கு விதிகளை எழுதி, சங்கக் கூட்டத்தில் நின்றுகொண்டே படித்து, உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போய்விடலாம் என்ற ஆசையில் கைதூக்கி நிறைவேற்றும்படி செய்துவிட்டார். வீட்டுக்கு ஓர் ஓட்டு. அதையும் பதிவேட்டில் உள்ள உரிமையாளர் மட்டுமே போட வேண்டும்; மனைவி, மகன், மைத்துனன் யாரும் போடக் கூடாது. போடாதவரின் பெயர் ‘வாக்களிக்காதோர்’ என்ற பலகையில், அவர் கையாலேயே காரணம் எழுதப்பட்டு, மின்தூக்கியின் கதவில் ஒரு மாதம் தொங்கும். பலகையையும் கட்டாயம் சாரே வர்ணமடித்து மாட்டிவிட்டார்.

“மறந்துட்டேன்னு எழுதலாமா சார்?” என்று யாரோ கேட்டார்கள்.

“மறந்துட்டேன்னு சொல்றவன் சாப்பிட மறக்கிறானா? தூங்க மறக்கிறானா? அதெல்லாம் காரணமே இல்ல. அது திமிரு!”

தையல்கார அம்மாள் அப்போதே ஒரு வார்த்தை சொன்னார்: “மெரட்டிக் கூப்பிட்டா எரிச்சல்ல கண்ண மூடிட்டுக் குத்திட்டுப் போவாங்க சார். பெட்டியக் கொஞ்சம் கிட்ட கொண்டு போங்க, தானா போடுவாங்க.”

“அதையும் செய்வேன், இதையும் செய்வேன்” என்றார் கட்டாயம் சார்.

பதினான்காவது விதி: ஓட்டுகள் சமமானால் பழைய தலைவரே தொடர்வார். “இது சும்மா ஒரு நெறைவுக்காக” என்று அவரே விளக்கினார். “நம்ம கட்டடத்துல நாப்பத்தேழு வீடு. ஒத்தப்படை. எல்லாரும் கட்டாயம் போட்டா, சமம்ங்கிற பேச்சே கெடையாது. கணக்கு!”

தேர்தல் நாளன்று அவர் செய்த ஏற்பாடுகளைப் பார்த்திருந்தால் நீங்கள் அங்கேயே குடிவந்திருப்பீர்கள். வரிசையில் நிற்பதற்குப் பதில் உட்கார நாற்காலிகள். கண் மங்கியவர்களுக்குப் பூதக்கண்ணாடி. எழுத வராதவர்களுக்கு இரண்டு நிறத்தில் சீட்டுகள். வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலை ஆறு மணிக்கே திறந்த பெட்டி. மணிக்கொரு தடவை, பணிமனையிலிருந்து கொண்டுவந்த அதே விசில். பக்கத்தில் பெயர்ப்பட்டியலோடு காவலாளி. ஓட்டுப் போட்டவரின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் குறியிடுவது அவருடைய வேலை. குறி எப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயம் சார், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, பட்டியலில் ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

“இப்படி. கீழ சின்னதா, மேல நீளமா. கோழி கிளறின மாதிரி இருக்கக் கூடாது.”

படியிறங்க முடியாதவர்களுக்குப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார். காலொடிந்த ஓவியருக்காக மூன்றாம் மாடி. ஓய்வுபெற்ற செவிலிக்காக ஐந்தாம் மாடி. செவிலியின் வீடு அவர் வீட்டுக்கு நேர் எதிரே. தொண்ணூறு படியேறி, பெட்டியை மார்போடு அணைத்து, மூச்சு வாங்க நின்றவரை, மனைவி கதவைத் திறந்து பார்த்தார்.

“உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்களேன்.”

“பெட்டியோட வீட்டுக்குள்ள வரக் கூடாது. விதி ஒம்பது.”

“சரி, நீங்க ஓட்டுப் போட்டாச்சா?”

“என்னைப் பாத்தா கேக்கிற இந்தக் கேள்வி?”

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். மனிதர் அப்போது தம் வாசற்படிக்கு மூன்றடி தள்ளி, கையில் பெட்டியோடும் சட்டைப்பையில் பேனாவோடும் நின்றிருந்தார். ஓட்டுப் போடுவதை இதற்கு மேல் எப்படி எளிதாக்குவது?

மாலை ஐந்துக்குக் கடைசி விசில். பட்டியலில் நாற்பத்தேழு பெயர்களுக்கும் நாற்பத்தேழு சிவப்புக் குறிகள். நூற்றுக்கு நூறு! கட்டாயம் சாரின் கண் கலங்கிவிட்டது. தொலைபேசியில் மனைவியை அழைத்து, “ஒருத்தர் பாக்கியில்ல. பால்கனிக்கு வந்து நில்லு, முடிவைச் சொல்றேன்” என்றார்.

பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார்கள். மருந்துக்கடைக்காரர் இருபத்துமூன்று. தையல்கார அம்மாள் இருபத்துமூன்று.

மறுபடி எண்ணினார்கள். அதே இருபத்துமூன்றுகள்தாம்.

“ஒரு ஓட்டு காணோம்!” என்று கட்டாயம் சார் அலறினார். “நாப்பத்தேழு பேர் போட்டிருக்காங்க, நாப்பத்தாறு சீட்டுதான் இருக்கு. இது திருட்டு!”

“யாரைப் பாத்துச் சொல்றீங்க?” என்று மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

“யாரையும் பாக்கல. பொதுவாச் சொல்றேன்.”

“பொதுவாச் சொல்றப்போ ஏன் சார் என் சட்டைப் பையவே பாக்கிறீங்க?”

பெட்டியைத் தட்டினார்கள், உள்ளே கைவிட்டுத் துழாவினார்கள், மேசையைப் புரட்டினார்கள், மருந்துக்கடைக்காரர் கோபத்தில் தம் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். மூன்று இருமல் மாத்திரைகள் விழுந்தன. காவலாளி மட்டும் பட்டியலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“சார், இதுல நாப்பத்தாறு குறி கோழி கிளறின மாதிரிதான் இருக்கு. நான் போட்டது. ஒண்ணே ஒண்ணு அழகா இருக்கு.”

“எது?”

“காலைல எனக்குப் போட்டுக் காட்டினீங்களே, அது. ஐநூத்தியொண்ணுக்கு நேரா இருக்கு சார்.”

தையல்கார அம்மாள் எதுவும் சொல்லவில்லை. பெரிய மனுஷி. மருந்துக்கடைக்காரர் இருமல் மாத்திரைகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு, “விதி பதினாலு என்ன சார் சொல்லுது?” என்று மிகுந்த பணிவோடு கேட்டார்.

கட்டாயம் சார் படியேறத் தொடங்கினார்.

அவர் தொண்ணூறு படிகளையும் ஏறி முடிக்கச் சற்று நேரமாகும். அதற்குள் உங்களிடம் ஒன்று கேட்டுவிடுகிறேன். சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. சென்ற தேர்தலன்று காலை முதல் நண்பர்களுக்கெல்லாம் ‘ஓட்டுப் போட்டாச்சா?’ என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தீர்களே, அவற்றை எங்கே உட்கார்ந்து அனுப்பினீர்கள்? மகனிடம் தலைக்கவசம் போடு என்று நாள்தோறும் சொல்கிறீர்களே, உங்கள் தலைக்கவசம் எந்தப் பரணில் இருக்கிறது? உங்கள் பெயருக்கு நேரே நீங்களே ஒரு குறியைப் போட்டுவிட்டு, ஊரார் பட்டியலைச் சரிபார்க்கக் கிளம்பியிருக்கிறீர்களா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பலகையில் இன்னும் இடமிருக்கிறது.

ஐந்தாம் மாடி வந்துவிட்டது. மனைவி பால்கனியில்தான் நின்றிருந்தார், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“என்னங்க, லிஃப்ட்டு வருமா?”

“வராது. சமமாயிடுச்சு.”

“சமமா? ஒத்தப்படைன்னு சொன்னீங்களே! யாரோ ஒருத்தர் போடலையா?”

“ஆமா.”

“அடப்பாவி! யாருங்க அது? என்ன காரணமாம்?”

கட்டாயம் சார் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நான்தான். மறந்துட்டேன்.”