பத்திலிருந்து பதினாலு வரைக்கும்

ஒரு கேள்விக்கு ஒரே பதில் சொல்லாத மனிதர் விருத்தாசலத்திலேயே ஒருவர்தான். நான் அலுவலக வேலை பார்த்த பீங்கான் பட்டறையில் அவர் தரம் பார்ப்பவர். பெயர் பலருக்குத் தெரியாது. 'வரைக்கும்' என்றால் தெரியும். வேப்பூர் பஸ் எப்போது என்று கேட்டால், "நாலே முக்கால்ல இருந்து அஞ்சே கால் வரைக்கும்" என்பார். வயதைக் கேட்டாலும் அப்படித்தான். பள்ளியில் எழுதியது, அம்மா சொன்னது, இரண்டுக்கும் இடம் விடுவார்.

ஒருமுறை ஃபியூஸ் கேரியருக்குப் பெரிய ஆர்டர் வந்தது. சூளையில் வெந்தால் மண் சுருங்கும். சராசரியாக எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்தால்தான் அதற்கேற்ப இரும்பு அச்சைப் பெரிதாக வெட்ட முடியும். அச்சு தவறினால் ஆர்டர் போகும். பட்டறையின் பன்னிரண்டு பெண்களுக்கும் வேலை போகும்.

வரைக்கும் பத்து கேரியரை அளந்தார். சராசரி நூற்றுக்குப் பத்திலிருந்து பதினாலு வரைக்கும் என்றார்.

"ஒரே நம்பரா சொல்லுங்க," என்றார் முதலாளி.

"பன்னெண்டு. ஆனா தப்பாத்தான் இருக்கும்."

"நூத்துக்கு நூறு உறுதியா சொல்லுங்க."

"அப்ப பூஜ்யத்துல இருந்து நூறு வரைக்கும்."

முதலாளி டீ கிளாஸைக் கீழே வைத்தார். உறுதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் இடைவெளி குறுகும், தப்பாகும் வாய்ப்பும் கூடும் என்று வரைக்கும் விளக்கினார். அது வேண்டாமென்றால் இன்னும் அளக்க வேண்டும். நாற்பது அளந்தார். பதினொன்றிலிருந்து பதிமூன்று, அகலம் பாதியானது. அச்சு வெட்டுபவரோ நூற்றுக்கு அரைக்கு மேல் இடம் தரமாட்டேன் என்றார். அகலம் ஒவ்வொரு முறை பாதியாகவும் நாலு மடங்கு அளக்க வேண்டும்; அப்படிப் பார்த்தால் அறுநூற்று நாற்பது. சூளையில் அவ்வளவு இல்லை.

இரண்டு நாள் மண் கலக்கும் இடத்தில் சும்மா நின்றுவிட்டு வந்தார்.

"எல்லாம் ஒரே மாதிரி சுருங்குனா நாப்பதே போதுங்க. போன் பேசிக்கினே கண்ணளவுல தண்ணி ஊத்துற ஆள நிறுத்தணும்."

"யாருய்யா அது?"

"நீங்கதானுங்க."

பன்னிரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் குனிந்து மண்ணைப் பார்த்தார்கள்.

வரைக்கும் மறுநாள் வாளியில் கோடு கிழித்துத் தானே தண்ணீர் ஊற்றினார். அந்தச் சூளை பிரித்ததும் அதே நாற்பதுதான் அளந்தார்: பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு. அச்சு பொருந்தியது. பெண்கள் இன்றும் அங்கே வேலை செய்கிறார்கள். முதலாளி போனை வெளியே போய்ப் பேசுகிறார்.

வரைக்கும் ஓய்வு பெற்று நல்லூர் போய்விட்டார். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். ஒன்றே ஒன்றைப் பார்த்துவிட்டு எதையும் சொல்லக்கூடாது என்பது அவர் சட்டம். நான் பார்த்தது ஒருவரைத்தான்.